இருபத்திரண்டாம் படத்தை எடுத்தவர்

1

இந்தக் கதை எனக்கு ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்பது மரியாதைக்குச் சொல்வது. ஷ்யாம் சொல்லிக்கொண்டிருந்தான், நான் எடுத்துக்கொண்டேன்.

ஷ்யாம் என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வாரத்தில் ஐந்து நாள் கணினி, ஞாயிற்றுக்கிழமை ஃபிலிம் கேமரா. பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் சுற்றுகிற ஒரு சின்னக் குழு இருக்கிறது. அதில் ஒருவன். “ஒரு மேட்டர் கேளேன், செம காமெடி” என்று ஆரம்பித்தான். முடிக்கும்போது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபத்தில் காது சூடாகியிருந்தது.

“இத எழுதப்போறேன்” என்றேன்.

“எழுது. எல்லார் பேரையும் மாத்திடு. என் பேர மட்டும் மாத்தாத.”

ஆகவே இதில் உண்மையான பெயர் ஷ்யாம் மட்டும்.*

* ஷ்யாம் உயரமானவன், பார்க்க லட்சணமாக இருப்பான். (இந்த வரி அவன் கேட்டு வாங்கியது.)

2

முதல் தொடக்கம்: “விடியலின் செம்பொன் ஒளி கடற்கரைக் கோயிலின் கோபுரத்தைத் தழுவ—”

வேண்டாம். இவர்கள் எடுப்பது கருப்பு வெள்ளை ஃபிலிம். செம்பொன் எல்லாம் அதில் சாம்பலாகத்தான் விழும்.

இரண்டாம் தொடக்கம்: “அன்று காலையிலிருந்தே பொன்னிக்கு மனசு ஏனோ—”

பொய். அன்று காலை பொன்னி ரொம்ப நன்றாக இருந்தாள். ஐஸ் வந்திருந்தது.

ஐஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செங்கல்பட்டில் குழாயைத் திறந்தால் முப்பத்தொரு டிகிரியில் தண்ணீர் கொட்டும். ஃபிலிமைக் கழுவும் மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற பதினோரு டிகிரிதான் பொன்னியின் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஆனால் மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை தோசைமாவு. அவள் அம்மா சகுந்தலா பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாயங்காலம் தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறவள். அந்த ஃப்ரிட்ஜில் ஒரு ஐஸ் தட்டு வைக்க வேண்டுமென்றால் அம்மாவிடம் மனு கொடுக்க வேண்டும், மனு தள்ளுபடியாகும்.

அதனால் ஐஸ் கொண்டுவருவது ஜெயந்த்தின் வேலை. கல்பாக்கத்து விஞ்ஞானி ஒருவரின் மகன். புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்து வாங்கி, வாளியில் போட்டு, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து வருவான். அன்று வாளியோடு ஒரு நெத்திலியும் வந்தது.

“இன்னா அண்ணாத்த, பில்மு கழுவ ஐஸ் கேட்டா கொழம்புக்கும் சேத்து எடுத்துனு வந்துகீற?”

“ஒண்ணுதானே பொன்னி. தூக்கிப் போட்டுடு.”

“நீ சொல்லுவ. போன வாரம் கழுவுன உன் நெகட்டிவ இன்னமும் பூனை வந்து மோந்து பாக்குது.”

3

பொன்னி யார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான்தான் பொன்னி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பெண் எழுதினால் சொந்தக் கதை என்று நினைக்கிற வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. நான் பொன்னி இல்லை. எனக்கு ஃபிலிமை மாட்டவே தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு காகிதம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சான்றிதழ். அதை வாங்க எத்தனை முறை அலைந்தோம் என்பதை எழுதினால் இது வேறு கதையாகிவிடும், நான் கெட்ட வார்த்தை பேசவும் நேரும்.

பொன்னி வேதியியல் படித்தவள். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. குழுவில் மருந்து கலக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகையால் எல்லோருடைய ஃபிலிம் ரோலும் அவள் வீட்டுக் குளியலறைக்கு வரும். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, தடவித் தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, டப்பாவுக்குள் போட்டு மூடி, மருந்தூற்றிக் குலுக்கி, கழுவி, அம்மாவின் புடவை காயும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். பதிலுக்கு ஜெயந்த் மாதம் ஒரு புது ரோல் தருவான். அவளிடமும் ஒரு கேமரா இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய பழையது. லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை, ஃபிலிமைச் சமமாக இழுக்காது.

போன வருடம் மாமல்லபுரத்தில் சாருலதா என்பவர் நடத்தும் காபிக்கடைச் சுவரில் குழு ஒரு கண்காட்சி வைத்தது. மூன்று பேரின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயரோடு ஒரு அட்டை. மூன்று பேரின் ஃபிலிமையும் கழுவியதில் பொன்னிக்குத் தன் படத்தை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. வாசலில் ஒட்டிய தாளில், கடைசியில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, அவளுக்கும் ஒரு வரி இருந்தது:

டெவலப்பிங் உதவி: பொன்னி.

அந்தத் தாளை அவள் வெறுமனே பார்த்துவிட்டுப் போனாள் என்றுதான் ஷ்யாம் சொன்னான். நான் நம்பவில்லை. அந்த ‘உதவி’ என்ற சொல்லை அவள் பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை திட்டியிருப்பாள். இந்த வருடம் ஒரு அட்டை. ஒரே ஒரு அட்டை, ‘படம்’ என்று போட்டு அதற்குப் பக்கத்தில் தன் பெயர். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்தக் கதைக்கும் அவ்வளவுதான்.

4

இனி நடந்த தப்பு. இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

படம் எடுத்து முடித்த பிறகு ஃபிலிமை டப்பிக்குள் திருப்பிச் சுற்ற வேண்டும். முழுக்கச் சுற்றினால் நுனி உள்ளே போய்விடும். பிறகு இருட்டுப் பைக்குள் பாட்டில் திறப்பானால் டப்பியை நெம்பித்தான் எடுக்க வேண்டும். இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்ட பொன்னி, நுனியைக் கொஞ்சம் வெளியே விட்டுக் கொண்டுவரச் சொன்னாள். சரி என்றார்கள். ஆனால் புது ரோலிலும் நுனி வெளியே நாக்கு நீட்டிக்கொண்டுதானே இருக்கும்? எடுத்தது எது, எடுக்காதது எது? அதற்கு ஒரு சட்டம் போட்டாள். குழுவின் வாட்ஸாப்பில் அந்தச் செய்தி இன்னும் மேலே பின் செய்து வைக்கப்பட்டிருக்கிறது:

“எடுத்த ரோல்னா நுனிய மடிக்கணும். மடிக்காதவன் கைய நான் மடிப்பேன்.”

ஒரு சனிக்கிழமை ஜெயந்த் இரண்டு ரோல்களைக் கொடுத்தான். “ஒண்ணு எடுத்தது, ஒண்ணு உனக்குப் புதுசு” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனான். எடுத்தது அவன் மூன்று ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு எழுந்து மாமல்லபுரத்துக் கற்களில் நின்று எடுத்த அலைகள். கண்காட்சிக்கென்றே எடுத்தது. புதியது பொன்னியின் மாதாந்திர ரோல். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே நிறம். இரண்டின் நுனியும் மடிக்கப்படவில்லை. ஒன்று மட்டும் பையில் நசுங்கி லேசாக வளைந்திருந்தது. வளைந்ததை மடித்தது என்று எடுத்துக்கொண்டாள் பொன்னி. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவசரம். அன்று சாயங்காலமே நேராக இருந்ததை மாட்டிக்கொண்டு அம்மாவின் வண்டிக்குப் போய் முப்பத்தாறு படமும் எடுத்தாள்.

நெத்திலி வந்த ஞாயிறன்று இரண்டையும் ஒன்றாகக் கழுவினாள். முதலில் வெளியே வந்தது ‘ஜெயந்த்தின் ரோல்’. கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

“இன்னா ஜெயந்த், லென்ஸ் மூடிய தொறந்தியா?”

“மூணு வாரம் பொன்னி!” அவன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். மூன்று வாரத்தின் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. “மருந்த மாத்தி ஊத்திட்டியா?”

“யார கேக்கற? நான் மருந்த மாத்துனா ஊர்ல பாதிப் பேரு செத்துருப்பான்.”

பிறகு அடுத்த ரோலைப் பிரித்தாள். அம்மாவின் மூக்கின்மேல் ஒரு கட்டுமரம் நின்றது.

அவன் எடுத்து முடித்த ரோலிலேயே அவள் மறுபடி எடுத்திருந்தாள், கடலும் வண்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

“நீ மடிக்கல” என்றாள் பொன்னி.

“நீ கேக்கல.”

“மடிக்காதவன் தப்பா, கேக்காதவ தப்பா?”

“வளைஞ்சதுக்கும் மடிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா? நீதானே தரம் பாக்கற வேல பாக்கற?”

உள்ளேயிருந்து சகுந்தலா குரல் கொடுத்தாள்: “பாத்ரூம்ல இன்னாடி பஞ்சாயத்து? நான் குளிச்சிட்டு வண்டிக்குச் சாமான் வாங்கப் போவணும். சீக்கிரம் வெளிய வாங்க ரெண்டு பேரும்.”

5

(இந்தப் பகுதியில் ஜெயந்த்தை வில்லனாக்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவன் அப்பா ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த கேமரா, டவுன்ஷிப் வீட்டின் முன்னால் இருக்கும் புல்வெளி, அவன் பொன்னியிடம் பேசும்போது மட்டும் தமிழைக் கொஞ்சம் கரடுமுரடாக்கிக்கொள்வது, எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். புல்வெளியைத் தவிர எதிலும் குற்றம் நிற்கவில்லை. வில்லன் ஞாயிற்றுக்கிழமை காலை பதினெட்டு கிலோ மீன் ஐஸ் சுமந்து வருவானா? அடித்துவிட்டேன். என் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காக அவன் முகத்தைக் கடன் வாங்க முடியாது. புல்வெளிமேல் உள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.)

6

இரண்டு படம் ஒன்றாக விழுந்த அந்த ரோலைப் பொன்னி குப்பையில் போட இருந்தாள். காப்பாற்றியது ஷ்யாம். (உயரமானவன்.) ஸ்கேன் செய்யும் கருவிகள் அவன் ஊரப்பாக்கத்து வீட்டில்தான் இருக்கின்றன. ஒரு வெளிச்சப் பலகை, அதன்மேல் நெகட்டிவ், அதற்குமேல் தலைகீழாக ஒரு டிஜிட்டல் கேமரா. படம் பிடித்துக் கணினியில் கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் புரட்டினால் முடிந்தது.

“எடுத்துனு வாங்க, பாக்கலாம். எனக்குப் பொழுது போகல” என்றான்.

மாலை ஐந்து மணிக்கு மூவரும் அவன் கணினிக்கு முன்னால். பொன்னியும் ஜெயந்த்தும் ஆளுக்கொரு முனையில். ஏழாவது படத்தில் சட்னி வாளிக்குள் சூரியன் உதித்தது. பன்னிரண்டில் தோசை தின்றுகொண்டிருந்த ஒருவரின் தொப்பைமேல் நண்டு. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கழுத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. ஷ்யாம் ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே இருட்டு. ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் அம்மாவின் முகமும் கையும் தோசைக்கல்லும். மாவுக் கரண்டியைச் சாய்த்தபடி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். கரண்டியின் விளிம்பிலிருந்து கல்லின்மேல் விழுந்துகொண்டிருப்பது மாவு இல்லை. ஒரு முழு அலை. நுரை கல்லில் பட்டுத் தெறித்து, இருட்டு முழுவதும் பொங்கி, தார்ப்பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு கோடு இல்லை.

இந்த இடத்தில் நான் ஒரு உவமை எழுதப் பார்த்தேன். “அவள் கடலையே—” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். ஒரு பெண் கடலை எடுத்துத் தோசை ஊற்றுகிறாள். அதற்குமேல் என்னால் என்ன சொல்ல முடியும்?

ஷ்யாம் அதைச் சாருலதாவுக்கு அனுப்பினான். அடுத்த நிமிடமே பதில் வந்தது: “இதுதான் நடுச்சுவர். யார் எடுத்தது?”

“நான்தான்” என்றாள் பொன்னி.

“நான்தான்” என்றான் ஜெயந்த்.

“இன்னா நீ? அது எங்கம்மா.”

“அது என் அலை. நான் நுனிய மடிச்சிருந்தா இந்தப் படமே இல்ல. மடிக்காம விட்டது நான்.”

“நான் போன் பண்ணி கேட்டிருந்தா இது இருக்குமா? கேக்காம மாட்டுனது நானு. என் கேமரா ஒழுங்கா இழுக்காதுல்ல, அதனாலதான் அந்தக் கோடு ஓரமா போச்சு. உன் ஜெர்மன்காரன் கேமராவா இருந்தா கோடு நடு மூஞ்சில வுழுந்துருக்கும்.”

ஷ்யாம் நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பினான். “மச்சான்ஸ், கொஞ்சம் நில்லுங்க. காலைல ரெண்டு பேரும் ‘உன் தப்பு, உன் தப்பு’ன்னு அடிச்சிக்கினீங்க. இப்ப ‘என் தப்பு, என் தப்பு’ன்னு அடிச்சிக்கறீங்க. நான் இன்னாத்துக்குதான் தீர்ப்பு சொல்றது?”

இங்கேதான் அவன் ரயில் நிலையத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் காது சூடானதும் இங்கேதான்.

7

சகுந்தலாவிடம் படத்தைக் காட்டினார்கள். அம்மா என்றால் கண்ணீர் வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

“கடல் தண்ணியில சுட்டா உப்பு போட வேணாம்.”

“அம்மா, படம் எப்பிடிகீதுன்னு சொல்லு.”

“நல்லாகீது. ஆனா கல்லு காயறதுக்குள்ள ஊத்திட்டேன் போல. ஒட்டிக்கும்.”

“யார் எடுத்த படம்னு போடறது? அவனா நானா?”

சகுந்தலா ஜெயந்த்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “தோசை என்னுது. மத்தத நீங்க பேசிக்கோங்க. தம்பி, உனக்கு நெய் ரோஸ்டா, பொடி ரோஸ்டா?”

8

முடிவு. மூன்று எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

(அ) பொன்னி அட்டையைப் பிடுங்கித் தன் பெயரை எழுதுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. நான்கு முறை எழுதினேன், ஒவ்வொரு முறையும் அவள் கையெழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து போய் அந்தக் கற்களில் அவள் நின்றதில்லை. அந்த நேரத்துக்கு அவளுக்குப் பேருந்து இல்லை. அதுவும் ஒரு கோபம்தான். என்றாலும் நிற்காத இடத்தில் நின்றதாக அவள் எழுதமாட்டாள்.

(ஆ) ஜெயந்த் புன்னகையோடு, “உன் பேரையே போட்டுக்கோ பொன்னி” என்கிறான். இதை எழுதிய கையோடு கிழித்தேன். பெருந்தன்மையாகத் தரப்படுகிற எதையும் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும்தான்.

(இ) அட்டையில் அம்மாவின் பெயர். இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மன்னிக்கவும். சகுந்தலா கேமராவைத் தொடக்கூட இல்லை, தோசை மட்டும்தான் தன்னுடையது என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவளைச் சாக்காக வைத்து நான் தப்பிக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், ஒரு இடம் வரைக்கும்.

கண்காட்சி நாள், மாலை நாலு மணி. ஐந்துக்கு ஆட்கள் வருவார்கள். நடுச்சுவரில் இருபத்திரண்டாம் படம் கதவளவு பெரிதாக மாட்டியாயிற்று. சாருலதா ஒரு சின்ன வெள்ளை அட்டையும் கறுப்பு மார்க்கரும் கொண்டுவந்து பொன்னியின் கையில் கொடுத்தார்.

“ஒரு படத்துக்கு ஒரு பேருதான், சொல்லிட்டேன். போன வருஷம் வேற ஒரு கண்காட்சில ஒருத்தர் தன் பேர், மச்சான் பேர், குடை புடிச்சவர் பேர்னு ஏழு பேர் எழுதி அட்டையே கிழிஞ்சுடுச்சு. நீங்களே முடிவு பண்ணி ஒட்டிடுங்க.” சொல்லிவிட்டுப் பால் கொதிக்கிறதென்று ஓடினார்.

ஷ்யாம் படம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தள்ளி நின்றான்.

ஜெயந்த் தொண்டையைச் செருமினான். “எனக்கும் ஆசையாத்தான் இருக்கு பொன்னி. பொய் சொல்ல விரும்பல. மூணு வாரம் எழுந்து போயிருக்கேன்.”

“நான் ஒரு வருசம். உங்க எல்லாரோட ரோலையும்.”

“தெரியும்.”

“இன்னா தெரியும்? வாசல்ல செருப்புக்கு மேல ஒட்டுனீங்களே, ‘உதவி’ன்னு. அத யாரு எழுதனதுன்னு தெரியுமா உனக்கு?”

அவன் படத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

“நான்தான். அந்தத் தாள நான்தான் அடிச்சேன். என்ன போடறதுன்னு ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. ‘உதவி’ன்னு போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். இப்ப யோசிச்சா அசிங்கமா இருக்கு.”

பொன்னி வாயைத் திறந்தாள். ஒரு வருடமாகத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனியில் நின்றன. ஆனால், அவளுக்கே பிடிக்காதபடி, சிரிப்புதான் வந்தது.

“அதான் மூஞ்சிய நீட்டினு இருந்தியா காலைலேந்து? நான் ஐஸ் கரைஞ்சிடுச்சோன்னு நெனச்சேன்.”

அவனும் சிரித்தான். ஆனால் அட்டை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. சிரித்துவிட்டால் பெயர் தானாக எழுதிக்கொள்ளுமா என்ன? மன்னிப்பு வேறு, அட்டை வேறு. அவளுக்கு அந்தப் பெயர் நேற்று எவ்வளவு வேண்டியிருந்ததோ இன்றும் அவ்வளவு வேண்டியிருந்தது. அவனுக்கும்தான். பொன்னி மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அட்டையைச் சுவரில் வைத்து அழுத்தி, ‘படம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள்.

இதற்குப் பிறகு அவள் என்ன எழுதினாள் என்று ஷ்யாம் என்னிடம் சொன்னான். நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. நான் பொன்னியின் பக்கம். அதை எங்கேயும் மறைக்கவில்லை. பக்கம் சாய்ந்தவள் சொல்கிற முடிவை நீங்கள் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? அலை யாருடையது, அம்மா யாருடையவள், மடிக்காதது யார், கேட்காதது யார், இருட்டில் கையை விட்டு அதை வெளியே கொண்டுவந்தது யார், எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும். மார்க்கரைப் பிடியுங்கள். ஒரு பெயர்தான். யோசித்துக்கொண்டே நின்றால் மை காய்ந்துவிடும், ஐந்து மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

படம்: ________________